‘ஹைப்பர்பாரிக்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், தூத்துக்குடி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கடலில் மூழ்கித் தொழில் செய்வோருக்கான மருத்துவத்தில் ஈடுபட்டுள்ள ஒரு மருத்துவச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம் எங்கள் ஊரில் நடைபெறுகிறது. கடைசி நாள் பிற்பகலைச் சங்கு குளிப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என ஒதுக்கியிருக்கிறார்கள். அன்று கையில் கொடுக்க வேண்டிய நான்கு பக்கத் துண்டறிக்கையைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்துள்ளது. முதல் பக்கம் கூட்ட அழைப்பு, இரண்டாம் பக்கம் சங்கத்தின் விழுமியங்கள், மற்ற இரண்டு பக்கங்களும் கரையேறிய பிறகு உடம்பில் என்ன கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றியவை. வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

மூடிய அறைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டித் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்யும் சிகிச்சையைப் பற்றியது இத்துண்டறிக்கை. ஆங்கிலத்தில் அதை ‘ஹைப்பர்பாரிக்’ மருத்துவம் என்கிறார்கள். விழுமியங்கள் எனக்குச் சிரமம் தரவில்லை. நோயாளியின் பாதுகாப்பே முதன்மையானது. சான்று உள்ள நோய்களுக்கு மட்டுமே இச்சிகிச்சையைப் பரிந்துரைக்க வேண்டும். இயலாததை இயலும் என்று சொல்லி ஆசை காட்டக் கூடாது. பயிற்சி பெறாதவர் கருவியை இயக்கக் கூடாது. இவற்றையெல்லாம் எழுதிவிட்டேன். ஏறத்தாழ ஒவ்வொரு வரியிலும் வரும் ‘ஹைப்பர்பாரிக்’ என்னும் சொல்லில்தான் நின்றுபோனேன். முதலில் ‘உயர் அழுத்த மருத்துவம்’ என்று எழுதி, படித்துப் பார்க்கும்படி என் சித்தியிடம் கொடுத்தேன். தலைப்பைப் படித்தவுடன் அவர், “பிரஷருக்கு நான் ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்” என்றார். அந்தச் சொல்லை அப்போதே அடித்துவிட்டேன். உங்கள் உதவி வேண்டும்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி

அன்புடையீர், சித்தியின் எதிர்வினை நமக்குக் கிடைத்த நல்ல சான்று. அழுத்தம் என்னும் ஒரு சொல்லின் மேல் நாம் ஏற்றியுள்ள சுமை மிகப் பெரிது. இயற்பியலின் அழுத்தம், இரத்த அழுத்தம், மின்னழுத்தம், மன அழுத்தம் ஆகிய நான்கையும் அதுவே தாங்குகிறது. அதன் முன்னால் வெறுமனே ‘உயர்’ என்று சேர்த்தால் மக்கள் மனம் தாம் நன்கறிந்த நோய்க்குத்தான் செல்லும்.

‘மிகையழுத்தம்’ என்று சிலர் எழுதக்கூடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை’ என்னும் குறளில் மிகை என்பது வேண்டாத சுமையைக் குறிக்கிறது. அளவறிந்து கொடுக்கும் மருந்துக்கு அளவு மீறியது என்று பெயர் வைக்கலாமா?

மிகுதியைக் குறிக்க நம் இலக்கணம் தெளிவாகவே வழிகாட்டியிருக்கிறது. ‘உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள’ என்பது தொல்காப்பியத்தின் உரியியல். ஆகவே ‘நனியழுத்தம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘உறுவழுத்தம்’ என்றும் ஆக்கலாம், எனினும் உடம்படுமெய் வந்து சேர்ந்ததும் அது வழுத்துதலை, அதாவது போற்றுதலை, நினைவூட்டுகிறது. நனியழுத்தம் ஏற்கப்படாவிட்டால் மீயொலி, மீயுரை என்று ஏற்கெனவே பழகிவிட்ட ‘மீ’யைக் கொண்டு ‘மீயழுத்தம்’ எனலாம்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். விழுமியம் சிரமம் தரவில்லை என்கிறீர்கள். விழுமம் என்னும் சொல்லுக்குச் சீர்மையோடு இடும்பையும் பொருள் என்று அதே உரியியல் கூறுகிறது. ‘நெறிகள்’ என்று எழுதினால் இன்னும் தெளிவாக இருக்கும்.

மடல் 3: பொறியாளர், சிங்கப்பூர்

வணக்கம். வேர்ச்சொல்லுக்குப் போய்ப் பார்க்கலாம். கிரேக்கத்தில் ‘பாரோஸ்’ என்றால் எடை. நம் ‘பாரம்’ அதுவேதான். எனவே மொழிபெயர்க்கத் தேவையே இல்லை, ‘மீபார மருத்துவம்’ என்றால் போதும். வேரும் நம்முடையது, ஒலியும் உலகோடு ஒத்துப்போகிறது.

மடல் 4: இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

வணக்கம். பொறியாளர் ஐயா பொறுத்தருள வேண்டும், ஒலி ஒற்றுமை இங்கே ஏமாற்றிவிடுகிறது. பாரம் என்பது சுமத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் கனமானது என்னும் பொருள் தரும் ‘பாருஸ்’ என்ற சொல்லுக்கு வடமொழியில் உறவாக இருப்பது ‘குரு’, இலத்தீனில் ‘கிராவிஸ்’. உறவுமுறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்றால் நாம் ‘குரு மருத்துவம்’ என்று எழுத நேரும்.

தமிழ்நாட்டு நண்பர்கள் அழுத்தத்தை நான்காகப் பங்கிட்டுத் தவிக்கும்போது, ஈழத்தில் நாங்கள் பாடநூல்களில் அமுக்கம் என்று எழுதிவருகிறோம். வளிமண்டல அமுக்கம், குருதியமுக்கம், வானிலையில் தாழமுக்கம். மேலும் இச்சொல்லில் நீர் இருக்கிறது. அமிழ்தல், அமுங்குதல், அமுக்குதல் என்னும் வரிசையைப் பாருங்கள், மூன்றும் கடலுக்குள் இறங்குகின்றன. கடலில் இறங்குபவனின் நோய்க்கான மருத்துவத்துக்கு ‘உயரமுக்க மருத்துவம்’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. ‘மீயமுக்கம்’ என்றாலும் எனக்கு உடன்பாடே.

மடல் 5: தமிழாசிரியர், திருச்சி

ஆசிரியர் ஐயா அவர்களின் வரிசை அழகானது. ஆயினும் ஆழ், அழுந்து, அழுத்து என்னும் வரிசையும் நீரைச் சார்ந்ததே என்பது என் துணிபு. அழுந்துதலுக்கு மூழ்குதல் என்னும் பொருள் உண்டு. அன்றியும் எங்கள் பக்கத்தில், தூக்கத்தில் நெஞ்சின் மேல் ஏறி அமர்வதாகச் சொல்லப்படும் பேய்க்கு அமுக்குவான் என்று பெயர். மூடிய அறைக்குள் படுக்கப்போகும் நோயாளியிடம் அமுக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூழ்குதல் பற்றிய பேச்சில் ‘வலம்புரி மூழ்கிய வான்திமிற் பரதவர்’ என்னும் அகநானூற்று அடியும் நினைவுக்கு வருகிறது. கொற்கைத் துறையைப் பாடும் அந்தப் பாட்டில் வருபவர்களும் சங்கெடுத்தவர்களே. துண்டறிக்கையின் முகப்பில் இவ்வடியைப் போடலாமே?

மடல் 6: உயரழுத்தச் சிகிச்சை மருத்துவர், சென்னை

வணக்கம். சொல் எதைக் குறிக்க வேண்டும் என்பதை முதலில் ஒத்துக்கொண்டால் விவாதம் சுருங்கும் என்று நினைக்கிறேன்.

கடல் மட்டத்தில் நம் மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடல்நீரில் 10 மீட்டர் இறங்கினால் அது இரண்டாகிறது, 20 மீட்டரில் மூன்று. அந்த ஆழத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிப்பவரின் உடம்பில் நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாகக் கரைகிறது. அவர் விரைவாக மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாவைப் போல அது குமிழிகளாக வெளியேறுகிறது. இந்தக் குமிழிகளின் வேலையை 1878இல் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர்ட் விளக்கினார். படிப்படியாக நின்று ஏறும் முறையை 1908இல் பிரிட்டன் உடலியலாளர் ஹால்டேனும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்தார்கள். நோய் கண்டவரை எங்கள் அறையில் படுக்கவைத்து, கதவை மூடி, அழுத்தத்தை மீண்டும் கூட்டித் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்கிறோம். குமிழி சுருங்குகிறது, நைட்ரஜன் வெளியேறுகிறது.

அழுத்தம் ஏறும்போது உள்ளே சூடாக இருக்கும், காது அடைக்கும், எச்சில் விழுங்கச் சொல்வோம். இறங்கும்போது குளிர்ந்து, சில வேளை மெல்லிய பனிமூட்டமே தோன்றும். முதல் முறை வருபவர்களில் பலர் என்னிடம் கேட்பது, “உள்ளே நசுங்கிவிடுவேனா, டாக்டர்?” என்பதுதான். நசுங்கமாட்டார்கள். உடம்பு பெரும்பாலும் நீர், அது அமுங்காது. காது, சைனஸ், நுரையீரல் போன்ற காற்றுள்ள இடங்கள்தாம் மாற்றத்தை உணரும். அழுத்தமோ அமுக்கமோ, இரண்டும் இந்த அச்சத்தைத் தூண்டக்கூடியவையே என்பதை இருதரப்பினரும் கருத்தில் கொள்ள வேண்டும்.

உண்மையில் நாங்கள் கொடுக்கும் மருந்து அடர்ந்த ஆக்சிஜன். 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் 100 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 6 மில்லி ஆக்சிஜன் இரத்தநீரிலேயே கரைந்துவிடும். 1960இல் ஆம்ஸ்டர்டாமில் அறுவை மருத்துவர் போரேமா பன்றிகளின் இரத்தச் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய பின்னும் இந்த முறையில் அவற்றை உயிரோடு வைத்திருந்தார். எனவே இயந்திரத்தின் பெயரை விட்டு மருந்தின் பெயரைப் பிடிக்கலாம் என்று எண்ணுகிறேன்: ‘அடர்வளி மருத்துவம்’. கார்பன் மோனாக்சைடு நச்சு, ஆறாத சர்க்கரைநோய்ப் புண், கதிர்வீச்சால் சிதைந்த திசு ஆகியவற்றுக்கும் இதே சிகிச்சைதான் என்பதால் பெயர் கடலோடு நின்றுவிடக் கூடாது.

விழுமியங்கள் குறித்து ஒரு வேண்டுகோள். ‘பாதுகாப்பு முதன்மை’ என்னும் வரியைப் பொதுச் சொற்களில் விட்டுவிடாதீர்கள். 1997இல் மிலானில் இத்தகைய அறை தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் செறிந்த இடத்தில் ஒரு பொறி போதும். எங்கள் நோயாளிகள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். ‘தலைக்கு எண்ணெய் வேண்டாம், பருத்தி உடை மட்டும், செல்பேசியும் தீப்பெட்டியும் வெளியே’ என்று எழுதுங்கள். அதுபோலவே ‘சான்று’ என்னும் வரியையும். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும், முதுமையைத் தடுக்கும் என்றெல்லாம் இச்சிகிச்சை விற்கப்படுகிறது. அதைக் கேட்டு வரும் பெற்றோரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வதுதான் அந்த விழுமியத்தின் பொருள்.

மடல் 7: இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு மிகவும் நன்றி. ‘அடர்வளி’ இனிய சொல். ஆனால் அடர்த்தி வேறு, அமுக்கம் வேறு. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதைத் தடுக்கவே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அத்துடன், விமானிகளைப் பயிற்றுவிக்கும் தாழமுக்க அறைக்கு இணைச் சொல் வேண்டுமல்லவா? உயரமுக்கம், தாழமுக்கம் என்றால் இரண்டும் ஒரே அச்சில் அமைகின்றன. தமிழ்நாட்டு வழக்கில் ‘தாழழுத்தம்’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

மடல் 8: பொறியாளர், சிங்கப்பூர்

‘குரு’ பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், மீபாரத்தைத் திரும்பப் பெறுகிறேன். வேறொரு கோணம். 1967இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இத்துறைச் சங்கம் தன் பெயரில் கடலடி மருத்துவத்தை மட்டுமே கொண்டிருந்தது, ‘ஹைப்பர்பாரிக்’ 1986இல்தான் சேர்ந்தது. ஐரோப்பியச் சங்கமோ ‘ஹைப்பர்’ இல்லாமல் ‘பாரோமெடிக்கல்’ என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது. அவர்களுக்கே அந்த முன்னொட்டு கட்டாயமில்லை என்றால் நாம் ஏன் மிகையா மீயா என்று போராட வேண்டும்?

மடல் 9: மொழிபெயர்ப்பாளர், தூத்துக்குடி

அனைவருக்கும் நன்றி. இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா சங்கு குளித்தவர். ஒருநாள் பத்துப் பாகத் தண்ணீரில், அதாவது ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில், மூன்றாவது முறையும் இறங்கி ஏறி வந்தார். கரைக்கு வரும்போது தோள் வலிக்கிறது என்றார், இரவு எட்டு மணிக்குக் கால் மரத்துவிட்டது. வாதம் என்று நினைத்துச் சித்தி எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். காலையில் கொண்டுபோன இடத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அழுத்த அறை ஒன்று இருக்கிறது என்பதை யாரோ சொல்லி, அங்கே போய்ச் சேர்ந்தபோது இரண்டு நாள் கடந்திருந்தது. இன்றும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

அன்றிரவு சித்தி கையில் தொலைபேசி இருந்தது. யாரிடம் என்னவென்று கேட்பது என்பதுதான் தெரியவில்லை. ஆகவே நான் தேடுவது இரவு பத்து மணிக்கு, அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, திக்காமல் கேட்கக்கூடிய சொல். நனியழுத்தம், மீயழுத்தம், உயரமுக்கம், அடர்வளி ஆகிய நான்கையும் நேற்று சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன். எதையும் அவர் திருப்பிச் சொல்லவில்லை. “அந்த அறைதானே?” என்று கேட்டார்.

‘அழுத்த அறை மருத்துவம்’ என்று எழுத விரும்புகிறேன். ‘அறை’ சேர்வதால் இரத்த அழுத்தத்தோடு குழப்பம் வராது. சித்தப்பாவிடம் கேட்டபோது, படகில் இருக்கும் பையன்களுக்கும் இது வாயில் நிற்கும் என்றார்.

மடல் 10: தமிழாசிரியர், திருச்சி

அம்மா, உங்கள் மடலைப் படித்த பின் நனியழுத்தத்துக்காக வாதிட எனக்கு மனமில்லை. துண்டறிக்கைக்கு அழுத்த அறை இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் மட்டும் ‘மீயழுத்தம்’ என்று பதிவுசெய்ய வேண்டுகிறேன், ஏனெனில் அறை என்பது இடத்தின் பெயரே, நிலையின் பெயரன்று.

மடல் 11: மருத்துவர், சென்னை

எனக்கும் சம்மதம். அடர்வளியை என் வகுப்பில் விளக்கச் சொல்லாக வைத்துக்கொள்கிறேன்.

மடல் 12: மொழிபெயர்ப்பாளர், தூத்துக்குடி

இன்று மாலை அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். முகப்பில் ‘அழுத்த அறை மருத்துவம்’. உள்ளே ஒரே ஓர் இடத்தில், சங்கத்தின் முழுப் பெயர் வரும்போது, ‘மீயழுத்த மருத்துவம்’. அகநானூற்று அடிக்கு இடம் போதவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. அந்த இடத்தில் அவசரத் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். எண்ணெய் பற்றிய வரி விழுமியங்களில் முதலாவதாக நிற்கிறது.

மடல் 13: இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

பணி முடிந்ததில் மகிழ்ச்சி. சித்தப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஆயினும் என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் அடித்தளத்தைத் தோண்டியவர்கள் அமுக்கக் காற்று நிரப்பிய பெட்டிக்குள் வேலை செய்து இதே நோயால் முடங்கினார்கள். பாலத்தின் தலைமைப் பொறியாளர் ரோப்ளிங்கும் 1872இல் அப்படித்தான் வீழ்ந்தார். அவர்களுக்கு அறையே நோயைத் தந்தது. சங்கு குளிப்பவருக்குக் கடல் தந்தது. ‘அழுத்த அறை’ நோயைச் சொல்கிறதா, மருந்தைச் சொல்கிறதா என்பது அந்தப் பெயரில் தெளிவாகவில்லை. என் மாணவர்களுக்கு நான் உயரமுக்கம் என்றே கற்பிப்பேன். மேலும், கடலிலிருந்து ஏறும்போது அமுக்கம் குறைவதற்கும், அறையில் அதை மறுபடி கூட்டுவதற்கும் இரண்டு தனிச் சொற்கள் இன்னும் நம்மிடம் இல்லை. ‘அமுக்கத் தளர்வு’, ‘மீளமுக்கம்’ என்று தொடங்கிவைக்கிறேன். திருச்சி ஐயாவின் கருத்து என்ன?