பிளான் கீற முன்னம் கிணற்றைப் பாருங்கள்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

கட்டடக்கலைக்கு விண்ணப்பிக்கப்போகிற தம்பி தங்கைகள் பலர் என்னிடம் கேட்பது "முதலில் எந்த மென்பொருளைப் பழகவேணும்?" என்றுதான். அதற்குப் பதிலாக, மூன்றாம் ஆண்டு விடுமுறையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் மாமியின் மகளுக்கு வீடு கட்ட முடிவானது. காணி 2 பரப்பு, அதாவது 20 பேர்ச், 5445 சதுர அடி. ஒழுங்கை கிழக்கே. கிணறு வடகிழக்கு மூலையில், சாஸ்திரத்துக்கும் சரியான இடம். நிலையம் எடுத்து (சாஸ்திரப்படி வீட்டுக்கு இடம் குறித்து) முடிந்து, குசினி அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு, என்றும் தீர்மானமாகிவிட்டது. நான் நடுவில் சின்ன முற்றம் விட்டு மூன்று அறையுடன் பிளான் கீறினேன். மலக்குழியைப் பின்பக்கம் மேற்கு மதிலோரம் வைத்தேன். எங்கள் கிணற்றிலிருந்து அளந்தால் 80 அடிக்கு மேல் வந்தது. மாமி பார்த்துவிட்டு "வடிவாயிருக்கு தம்பி" என்றார். எனக்கும் நல்ல சந்தோஷம்.

அத்திவாரத்துக்கு இடம் பார்க்க வந்த மேசன் ஐயா ஒன்றும் பேசாமல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து ஏறி, பின் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பிறகு என்னையும் ஏறச் சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பங்குக் கிணறு. எங்கள் மலக்குழி வரவேண்டிய இடத்திலிருந்து 14 அடி. நான்கு குடும்பங்கள் அதில்தான் குடிக்கத் தண்ணீர் அள்ளுகின்றன.

நான் வைத்திருந்த நில அளவைப் படத்தில் அந்தக் கிணறு இல்லை. எங்கள் எல்லைக்கு வெளியே இருப்பதை அது ஏன் காட்டப்போகிறது? படத்தைப் பார்த்தேனே தவிர, நான் காணியைப் பார்க்கவில்லை.

பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், எங்கள் கிணறு என்றாலும் அயலவர் கிணறு என்றாலும் குறைந்தது 50 அடி விடச் சொன்னார். வீட்டுக்கு வந்து கவராயத்தை எடுத்து இரண்டு கிணற்றையும் மையமாக வைத்து 50 அடிக்கு வட்டம் போட்டேன். தெற்கு மதிலோரம் நடுப்பகுதியில் ஒரு சிறு துண்டு நிலம்தான் மிஞ்சியது. தெற்கு வீட்டுக்காரரிடம் போய் அவர் கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டு அளந்த பிறகுதான் அந்தத் துண்டையும் நம்பினேன். அங்கே நான் படுக்கையறை வைத்திருந்தேன். அறை வடக்கே போனது, குளியலறைகள் தெற்கே வந்தன, முற்றம் ஒடுங்கியது. ஆறு நாள் வேலையைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

எங்கள் ஊரில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லவேண்டும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அடியில் உவர் நீர், அதன்மேல் மிதக்கிற நல்ல தண்ணீர். சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் மலக்குழித் தண்ணீர் மண்ணில் வடிந்து சுத்தமாகாமலே கிணற்றுக்குப் போய்விடலாம். அதனால் 50 அடி விட்டதும் மனம் ஆறிவிடக் கூடாது. இடம் இருந்தால் இன்னும் தள்ளுங்கள். இப்போது எந்தக் காணிக்குப் போனாலும் நான் முதலில் அளப்பது வீதியையோ எல்லையையோ அல்ல. நாலு பக்கத்துக் கிணறுகளையும்தான்.

உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

*

மறுமொழி: பருத்தித்துறைப் பக்கம், படவரைஞர்

கிணறு சரி, காணி உறுதியையும் (பத்திரத்தையும்) வாசியுங்கள். எனக்கு அடி விழுந்தது அங்கேதான்.

ஒரு அக்காவுக்குச் சீதனமாக வந்த காணி. முன்துண்டு இவருக்கு, பின்துண்டு தங்கைக்கு. தங்கை வெளிநாட்டில், பின்காணி பற்றையாகக் கிடந்தது. வடக்கு மதிலோடு வாகனம் விடுகிற கொட்டிலும் சாமான் அறையும் கீறிக் கொடுத்தேன். அனுமதிக்குப் போக முன்னம் உறுதியைப் பிரதி எடுத்தபோதுதான் கடைசி வரிகள் கண்ணில் பட்டன. "கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்" என்று தொடங்கி, பின்காணிக்கு வடக்கு எல்லையோரம் பாதை விடவேண்டும் என்று எழுதியிருந்தது. நான் கொட்டில் கீறியது அந்தப் பாதையின் மேல். அக்காவோ "அவள் எங்க வரப்போறாள், நீங்கள் கட்டுங்கோ" என்றார். நான் மறுத்துவிட்டேன். சகோதரிகளுக்குள் வழக்கு வந்தால் என் கோட்டால் வந்ததாக இருக்கும். கொட்டிலைத் தெற்கே மாற்ற இரண்டு நாள்தான் எடுத்தது.

படிக்கிறவர்களுக்கு இன்னொன்று. சட்டங்களின் பெயர்களைப் பாடமாக்குவதைவிட, உங்கள் காணி எதற்குக் கீழ் வருகிறது என்று முதலில் கேளுங்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நகர அபிவிருத்தி அதிகார சபைப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடம் என்றால் அந்தச் சபையின் ஒழுங்குவிதிகள். இல்லையென்றால் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். வீதிக்கோடு (வீதிக்கென ஒதுக்கிய எல்லை), கட்டடக்கோடு (அதைத் தாண்டி வீதிப்பக்கம் கட்ட முடியாத எல்லை) இரண்டையும் உள்ளூராட்சி சபையில் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாடிக்குப் பின்பக்கம் 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி, திறந்தவெளியாக விடுவது வழக்கம். எல்லையில் முட்டுகிற சுவரில் யன்னல் வைக்க முடியாது. காணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கூரை போடலாம் என்று கணக்குக் காட்டினாலும், எங்கள் பக்கம் கிணறும் குழியும் பாதையும் போக அந்த அளவு ஒருநாளும் வராது. வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

*

மறுமொழி: இரண்டாம் ஆண்டு மாணவி, யாழ்ப்பாணம் திருநெல்வேலி

நான் இன்னும் வீடு ஒன்றும் கட்டவில்லை. வகுப்பில் நடந்ததை எழுதலாமா?

ஊர் நூலகம் ஒன்று வடிவமைக்கத் தந்தார்கள். வாசிப்பறை இத்தனை சதுர அடி, புத்தகக் களஞ்சியம் இத்தனை, அலுவலகம் இத்தனை என்று பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியர் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "காலையில் பேப்பர் வாசிக்க வருகிற அப்பு சைக்கிளை எங்கே விடுவார்?" பதில் இல்லை.

அடுத்த மூன்று நாளும் காலையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் போய் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எங்கே நிழலுக்கு ஒதுங்குகிறார்கள், பையை எங்கே வைக்கிறார்கள், பத்திரிகைக்கு வருகிறவரும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் ஒருவரையொருவர் எங்கே இடைஞ்சல் படுத்துகிறார்கள் என்று எழுதினேன். என் பழைய பட்டியலில் பத்திரிகைப் பகுதி வாசிப்பறைக்குள் ஒரு மூலை. இப்போது அது வாசலோடு சேர்ந்த விறாந்தை, பக்கத்தில் சைக்கிள் நிழல். புத்தகப் பகுதிக்கு அவர் வரவே தேவையில்லை. சதுர அடி கூடவில்லை, எது எதற்குப் பக்கத்தில் என்பதுதான் மாறியது. கட்டடத் தேவைத்திட்டம் என்று பாடத்தில் படித்தது அந்த விறாந்தையில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அந்த நூலகத்தின் கதையே இதற்குச் சாட்சி. 1959இல் திறந்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன். ஆனால் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனும் ஆலோசகராக இருந்தார். புத்தகத்தையும் வாசகரையும் அறிந்த ஒருவரை வரைபடத்துக்குப் பக்கத்தில் இருத்தியிருக்கிறார்கள். 1981இல் அது எரிக்கப்பட்டதை நினைத்துக்கொண்டே அந்த மண்டபத்தில் குறிப்பெடுப்பது லேசாக இருக்கவில்லை.

*

மறுமொழி: நல்லூர்

"வடக்குப் பக்கம் வெயில் வராது, பெரிய யன்னல் வையுங்கள்" என்று புத்தகத்தில் படித்துவிட்டு ஒரு டியூஷன் வகுப்பறைக்கு அப்படியே வைத்தேன். அந்தப் புத்தகம் எங்களைவிட எவ்வளவோ வடக்கே இருக்கிற நாட்டுக்காரருக்கு எழுதியது. யாழ்ப்பாணம் வட அகலாங்கு ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியிலிருந்து ஆவணி (ஆகஸ்ட்) கடைசி வரை உச்சிச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். ஆனியில் (ஜூனில்) காலையும் பின்னேரமும் சாய்வு வெயில் வடகிழக்காலும் வடமேற்காலும் உள்ளே விழுந்தது. பிள்ளைகள் வாங்கைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு என் செலவில் வடக்கே 6 அடி விறாந்தை இறக்கிக் கொடுத்தேன். அம்மம்மாவின் நாற்சார் வீட்டில் (நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய பழைய வீட்டில்) எல்லாப் பக்கமும் ஏன் விறாந்தை என்று அன்றுதான் யோசித்தேன்.

*

முதல் பதிவை எழுதியவர்:

நல்லூர் அண்ணை, நன்றி. மாமி மகளின் வீட்டிலும் வடக்கு அறைக்குக் கூரையை 3 அடி வெளியே நீட்டியிருக்கிறோம், போதுமா என்று இந்த ஆனியில் பார்க்கவேண்டும். பருத்தித்துறை அண்ணை, உறுதியை நான் வாசிக்கவேயில்லை. நாளைக்கே மாமியிடம் கேட்டு வாங்குகிறேன்.