மிக் ஓட்வயர், கெர்ரி ஃபுட்பால்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கார்க்வாசி:
கெர்ரி மாவட்டத்து வாட்டர்வில் கடற்கரையில் எல்லோரும் சாப்ளின் சிலையோடு படம் எடுப்பார்களே, அந்த ஊரில்தான் கேலிக் ஃபுட்பால் (கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்து ஆட்டம்) ஜாம்பவான் ஓட்வயர் சிலையும் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டு நிற்க, உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். ஓட்வயர், கெர்ரி மாவட்ட அணிக்கு ஆட்டக்காரராக 4, மேனேஜராக 8 அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கிய மனிதர். அதில் ஒன்றைக்கூடப் பெரியவர் சொல்லவில்லை, நேராக 1982 இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டார். தொடர்ந்து ஐந்தாவது கோப்பைக்கான ஆட்டம், முடியும் நேரத்தில் கெர்ரிக்கு 2 பாயிண்ட் முன்னிலை, எதிரணி ஆஃபலிக்கு மாற்று ஆளாக இறங்கிய ஷேமஸ் டார்பியின் கோல் (ஒரு கோலுக்கு 3 பாயிண்ட்), ஆஃபலிக்கு 1 பாயிண்டில் வெற்றி. உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அவர் என்னைத் திருப்பி நிறுத்தி, இரண்டு கையாலும் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். "எங்கள் கெர்ரி ஆட்டக்காரர் டாமி டாயிலை டார்பி தள்ளியது இப்படித்தான். இது ஃபவுலா இல்லையா?" நான் விழாமல் நின்றதே பெரிது.

டல்லமோர் நர்ஸ்:
நான் இருப்பது அந்த ஆஃபலி மாவட்டத்தில். இங்கே வந்து அதைத் தள்ளல் என்று சொல்லிப் பாருங்கள் அண்ணா! பிரஷர் பார்க்கும்போது ஒரு தாத்தாவிடம் சும்மா கேட்டுவிட்டேன். கையில் கட்டியிருந்த பட்டையோடு எழுந்து உட்கார்ந்து, டார்பி பந்துக்காகத்தான் எம்பினார் என்று செய்தே காட்டினார். அன்று எடுத்த ரீடிங்கை எழுதவே இல்லை, அரை மணி கழித்துத் திரும்பப் பார்த்தேன்.

நியூபிரிட்ஜ் குடித்தனம்:
கெர்ரியை யார் நடத்தினாலும் ஜெயிக்கும், அதில் என்ன சாதனை? ஓட்வயர் பிறகு மேனேஜராக இருந்த எங்கள் கில்டேர் மாவட்டத்துக்கு வாருங்கள். 1956க்குப் பிறகு 1998இல்தான் லென்ஸ்டர் மாகாணப் பட்டம். அரையிறுதியில் கெர்ரியையே வீழ்த்தினார்கள், ஓட்வயரின் மகன் கார்ல் கில்டேர் அணியில்! அப்புறம் இறுதியில் கால்வேயிடம் தோல்வி. கால்வே என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்கு எங்கள் வீட்டுக்காரர் வாடகை ரசீதை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

விக்லோ மழை:
நியூபிரிட்ஜ் சகோ, யார் நடத்தினாலும் என்பது அநியாயம். 1975இல் அவர் கையில் இருந்தது இளவட்டப் பையன்கள். கில்லார்னி மைதானத்தில் ஓடவிட்டு ஓடவிட்டுத்தான், முந்தைய வருடச் சாம்பியன் டப்ளினை இறுதியில் அடித்தார். 2003இல் லீஷ் மாவட்டத்துக்கு 57 வருடம் கழித்து லென்ஸ்டர் பட்டம் வாங்கிக் கொடுத்ததும் அவரே. நான் பார்த்தது 2009, ஆக்ரிம் மைதானம். அவர் நடத்திய, யாரும் மதிக்காத விக்லோ அணி, டவுன் மாவட்ட அணியைத் தோற்கடித்த அன்று, 73 வயது மனிதரைச் சுற்றி ஊரே இறங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தது அவருடைய தொப்பி மட்டும்தான்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் டப்ளினின் பெரிய மைதானமான க்ரோக் பார்க் போகாதீர்கள், 82,000 பேரில் ஒன்றும் புரியாது. உங்கள் ஊர் கிளப் ஆட்டத்துக்குப் போங்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவர் திட்டுவார், மழைக்கோட்டு போதும். பந்து வலைக்குள் போனால் 3 பாயிண்ட், குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1, 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அப்படி மேலே அடித்தால் 2. ஆட்டக்காரர்களிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், யாருக்கும் கிடையாது. திங்கட்கிழமை அதே ஆள்தான் உங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துவார். பிள்ளையை ஆறு வயதிலேயே கிளப்பில் சேருங்கள்.

டல்லமோர் நர்ஸ்:
சேர்த்தாச்சு. ஆஃபலி ஜெர்சியும் வாங்கியாச்சு.