குள்ளமான ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி: ஹார்மோன் ஊசி போட்டவர்கள் சொல்லுங்கள்
6 மாதப் பெண் குட்டி, 5 கிலோதான். குட்டி மயிர் பஞ்சாகவே நிற்கிறது, பால் பற்களும் விழவில்லை. பிட்யூட்டரி சுரப்பி உருவாகத் தேவையான எல்ஹெச்எக்ஸ்3 மரபணுவின் இரு பிரதிகளிலும் பிறழ்வு. ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பொருள்), தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) இரண்டும் குறைவு. தைராக்ஸினுக்கு ஈடாக லெவோதைராக்ஸின் மருந்து தொடங்கியாயிற்று; இனி வளர்ச்சி ஹார்மோனுக்கு வழி தேட வேண்டும்.

பன்றியின் வளர்ச்சி ஹார்மோன் நாயினுடையதை அப்படியே ஒத்தது, ஆனால் கிடைக்கவில்லை. மனித ஹார்மோனுக்கு எதிர்ப்பொருள் உருவாகிவிடும். மிச்சமிருப்பது மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் (புரொஜெஸ்டிரோன் போன்ற செயற்கை ஹார்மோன்) ஊசி: கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.கி., 3 வாரத்துக்கு ஒருமுறை. பால்சுரப்பியையே வளர்ச்சி ஹார்மோன் சுரக்க வைக்கும் மருந்து இது. கருப்பையைக் கெடுக்கும் என்பதால் முதலில் கருத்தடை அறுவை. நீரிழிவு, தோலில் சீழ்க்கட்டி என்ற பயமும் இருக்கிறது.

எத்தனையாவது ஊசியில் புதுமயிர் முளைத்தது? ரத்தச் சர்க்கரையும் ஐஜிஎஃப்-1-ம் எவ்வளவு இடைவெளியில் பார்த்தீர்கள்? இவ்வளவு சின்ன உடலுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.