விடியற்காலைப் பனிமலை: வெயிலும் நிழலும் சேரும் இடம் சாம்பலாகிவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பனி மூடிய மலை ஒன்றை விடியற்காலை வெளிச்சத்தில் வாட்டர்கலரில் வரைகிறேன். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன் தாள். இது மூன்றாவது முயற்சி.

வானம் சரியாக வந்துவிட்டது. அடிவானத்து மஞ்சளும் மேலே உள்ள நீலமும் கலந்தால் பச்சையாகிவிடும் என்று நடுவில் மெல்லிய ரோஸ் பூசினேன், அது கைகொடுத்தது. சிக்கல் பனியில்தான். சிகரத்தின் நுனியில் மட்டும் முதல் வெயில் பட்டு ஆரஞ்சும் ரோஸும் கலந்து மின்ன வேண்டும். கீழே சரிவெல்லாம் வானத்தின் நீலத்தை வாங்கிக்கொண்டு நிழலில் கிடக்க வேண்டும். இரண்டும் சந்திக்கிற அந்த ஒரு விரல் அகல இடம்தான் என்னைப் படுத்துகிறது. ஈரத்தோடு பூசினால் இரண்டும் கலந்து சாம்பல் பூத்துவிடுகிறது. எதிர் நிறங்கள் அப்படித்தான், தெரியும். சரி என்று காயவிட்டு நீலம் போட்டால், கத்தியால் வெட்டியதுபோல் விளிம்பு நிற்கிறது.

நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலத்தோடு துளி அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பு. கோபால்ட் நீலத்துக்கு மாறலாமா? அல்ட்ராமரைன் துகள் துகளாகப் படிவது பனிக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது, விட மனமில்லை.

அப்புறம், முகட்டில் வெள்ளையைக் காப்பாற்ற மாஸ்கிங் திரவம் (வண்ணம் படாமல் மறைத்து, காய்ந்ததும் உரித்தெடுக்கிற ரப்பர் பால்) பூசியிருந்தேன். உரிக்கும்போது தாளின் மேல்தோலும் சேர்ந்து பிய்ந்துவிட்டது. ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்ததாலா? வெள்ளை கவ்வாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) வைத்து மூடலாம்தான், ஆனால் தாளின் சொந்த வெள்ளையில் இருக்கிற ஒளி அதில் வருவதில்லை.

பனிமலை வரைந்து பழகியவர்கள் எந்த நிறத்தை முதலில் பூசுகிறீர்கள், எவ்வளவு ஈரத்தில் என்று சொல்லுங்கள். நாலாவது தாளைப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன், உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் தூரிகையை எடுப்பேன்.