/டெவ்/கேவிஎம் காணவில்லை, ஆண்ட்ராய்டு எமுலேட்டர் திறக்கவில்லை – உதவி தேவை

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ரைசன் 5 லேப்டாப், 16 ஜிபி ராம், உபுண்டு 24.04, கெர்னல் 6.14. போன மாதம் வரை ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டர் (கணினித் திரையிலேயே ஓடும் ஆண்ட்ராய்டு போன்) நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது /டெவ்/கேவிஎம் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் லினக்ஸ் வசதியான கேவிஎம்மின் கோப்பு) இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஆக்சிலரேஷனை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஹோம் ஸ்கிரீன் வரவே இருபது நிமிடம் ஆனது. பயாஸில் எஸ்விஎம் (ஏஎம்டி ப்ராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதி) ஆன் செய்துதான் இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட் டெமோ. வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1

எமுலேட்டருக்கு ராம் கூட்டிக் கொடுத்து, கோல்டு பூட் செய்து பாருங்கள்.

கேட்டவர்

4 ஜிபி கொடுத்தேன். அதே பிழைதான்.

மறுமொழி 2

தம்பி, ராமைத் தொடாதீர்கள், சிக்கல் அங்கே இல்லை. கேவிஎம் கைகொடுத்தால் எமுலேட்டருக்குள் ஓடும் ஆண்ட்ராய்டின் கட்டளைகள் நேராக உங்கள் ப்ராசஸரிலேயே ஓடும். அது இல்லாவிட்டால் எமுலேட்டரின் அடித்தளமான க்யூஇஎம்யூ ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளிலேயே மொழிபெயர்த்து ஓட்ட வேண்டும். நீங்கள் பார்த்த இருபது நிமிடம் அதனால்தான்.

டெர்மினலில் எல்எஸ்மாட் கொடுத்து, ஏறியிருக்கும் மாட்யூல்களின் (கெர்னலில் தேவைக்கேற்ப ஏற்றும் துண்டுகள்) பட்டியலில் கேவிஎம்_ஏஎம்டி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சூடோ மாட்ப்ரோப் போட்டு அதைக் கையாலேயே ஏற்றுங்கள். என்ன வருகிறது என்று அப்படியே எழுதுங்கள்.

கேட்டவர்

பட்டியலில் இல்லை அண்ணா. மாட்ப்ரோப் போட்டேன், எந்தப் பிழையும் வரவில்லை, உடனே /டெவ்/கேவிஎம் வந்துவிட்டது, எமுலேட்டரும் பழைய வேகத்தில் ஓடியது! ஆனால் ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடி காணோம்.

மறுமொழி 2

அப்படியென்றால் ப்ராசஸர், பயாஸ் இரண்டிலும் குறையில்லை. மாட்யூல் தானாக ஏறுவதை ஏதோ தடுக்கிறது. /இடிசி/மாட்ப்ரோப்.டி ஃபோல்டரில் பிளாக்லிஸ்ட் என்று தொடங்கும் வரி ஏதாவது இருக்கிறதா? பிளாக்லிஸ்ட், தானாக ஏறுவதை மட்டும்தான் நிறுத்தும், கையால் ஏற்றினால் விட்டுவிடும். உங்களுக்கு நடப்பது அதேதான்.

கேட்டவர்

இருக்கிறது அண்ணா, நானே போட்டதுதான். மூன்று வாரம் முன்பு நெட்வொர்க் லேபுக்காக விர்ச்சுவல்பாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் கணினி, ஓட்டும் மென்பொருள்) திறந்தபோது, ஏஎம்டி-வி-யை (எஸ்விஎம்மின் இன்னொரு பெயர்) இயக்க முடியவில்லை, கேவிஎம்மை நிறுத்து என்று பிழை வந்தது. ஒரு வீடியோவைப் பார்த்து அந்த வரியைச் சேர்த்தேன், பிறகு மறந்தே போனேன். இப்போது அதை எடுத்தால் லேப் போய்விடுமே?

மறுமொழி 2

போகாது. கெர்னல் 6.11 வரை, முதல் விர்ச்சுவல் மெஷின் தொடங்கும்போதுதான் கேவிஎம் ப்ராசஸரின் அந்த வசதியை எடுத்துக்கொள்ளும். 6.12-இலிருந்து மாட்யூல் ஏறியதுமே எடுத்துக்கொள்கிறது. பிறகு வரும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு இடமில்லை. பழைய நடத்தையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு அளவுரு இருக்கிறது:

கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0

பிளாக்லிஸ்ட் வரியை அழித்துவிட்டு, இதை க்ரப் (கணினி தொடங்கும்போது கெர்னலை ஏற்றும் மென்பொருள்) கோப்பில் கெர்னல் கமாண்ட் லைன் வரும் மேற்கோளுக்குள் சேருங்கள். பெயர்களை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும், நடுவில் ஸ்பேஸ் கூடாது. அப்டேட்-க்ரப் ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். /சிஸ்/மாட்யூல்/கேவிஎம்/பாராமீட்டர்ஸ் ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதற்குள் 'என்' என்ற ஒற்றை எழுத்து இருந்தால் வேலை முடிந்தது.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறங்கள்.

மறுமொழி 3

எனக்கும் இதே சிக்கல், ஆனால் இன்டெல் ப்ராசஸர். மாட்யூல் பெயர் மட்டும் கேவிஎம்_இன்டெல், மற்றபடி இதே வழியில் சரியானது. நன்றி.

கேட்டவர்

'என்' வந்துவிட்டது அண்ணா. காலையில் விர்ச்சுவல்பாக்ஸில் லேப் முடித்தேன், அதை மூடிவிட்டு எமுலேட்டரைத் திறந்தேன், உடனே ஹோம் ஸ்கிரீன் வந்துவிட்டது. மிக்க நன்றி. இழையைத் 'தீர்ந்தது' என்று குறித்துவிடுகிறேன்.