மறு: ‘சேஃப்டி சிக்னல்’ – ஐயக்குறி எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் துண்டறிக்கையில் வரும் ‘சேஃப்டி சிக்னல்’ என்ற மருந்துத்துறைச் சொல்லுக்கு இதுவரை வந்த தமிழ்ச்சொற்கள் மூன்று: பாதுகாப்புச் சமிக்ஞை, அபாய அறிகுறி, முன்னெச்சரிக்கை. மூன்றிலுமே என் மனம் நிற்கவில்லை.

ஒரு மருந்து விற்பனைக்கு வந்தபிறகு, அதனால் யாருக்காவது பாதிப்பு வந்ததாகத் தோன்றினால் மருத்துவர்களும் மருந்தாளர்களும் சிங்கப்பூரில் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவிக்கிறார்கள். மருந்து நிறுவனங்களும் தெரிவிக்கின்றன. ஒரே மருந்து, ஒரே விதமான பாதிப்பு என்று தகவல்கள் சேரும்போது, ‘இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமோ?’ என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கட்டம்தான் சிக்னல். அப்போது எதுவும் உறுதியாகியிருக்காது. ஆராய்ந்து பார்த்தால் தொடர்பே இல்லை என்றும் முடியலாம்.

> அபாய அறிகுறி என்றால் எல்லாருக்கும் புரியுமே, ஐயா.

புரியும் அக்கா, ஆனால் வேறுமாதிரி புரியும். அறிகுறி என்ற சொல்லை நாம் நோய்க்குக் கொடுத்துவிட்டோம். பலதுறை மருந்தகத்தில் காத்திருக்கும் ஒரு பாட்டி, ‘இம்மருந்தில் அபாய அறிகுறி தெரிந்துள்ளது’ என்று படித்தால் தன் உடம்பில் அரிப்போ வீக்கமோ இருக்கிறதா என்றுதான் தேடுவார். சமிக்ஞை என்றால் சாலைச் சந்திப்பு விளக்கு. முன்னெச்சரிக்கையோ நாம் எடுத்துக்கொள்வது; மருந்தில் தென்படுவதல்ல.

சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்த்தவன் நான். ஆணையம் இங்கு விற்பனையில் இருந்த 46 மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கான மாத்திரை) மருந்துகளைச் சோதித்து, 2019 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. அவற்றில் 3 மருந்துகளில்தான் என்டிஎம்ஏ என்ற மாசு வரம்புக்கு மேல் இருந்தது. அந்த மூன்றும் மீட்டுக்கொள்ளப்பட்டன. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்றும் நோயாளிகளுக்குச் சொல்லப்பட்டது. அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்ததோ ‘சர்க்கரை மாத்திரை ஆபத்து’ என்ற ஒற்றை வரி. மூன்று நாள் மாத்திரையைத் தொடவில்லை. அவருடைய மாத்திரை அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாத்திரையை விட்டதால் ஏறும் சர்க்கரையும் ஆபத்துதானே?

அதனால்தான் ‘ஐயம்’ என்று தொடங்கும் சொல்லாக இருக்கட்டும் என்கிறேன். ஐயக்குறி. இன்னும் முடிவாகவில்லை என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: ஐயக்குறி தென்பட்டது, ஐயக்குறி வலுத்தது, ஐயக்குறி நீங்கியது. மூன்றும் இயல்பாக வருகின்றன. ‘எச்சரிக்கை நீங்கியது’ என்றால் ஏதோ புயல் கடந்துபோனது போல இருக்கிறது.

ஐயம் வலுத்து நடைமுறையே மாறியதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாசெபின் சிலருக்குத் தோலை உரித்து உயிருக்கே உலை வைக்கும். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மிக அதிகம் என்று 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2013இலிருந்து சிங்கப்பூரில், ஆசிய வம்சாவளியினருக்கு அம்மருந்தை முதன்முறை தொடங்கும் முன் மரபணுச் சோதனை செய்வது வழக்கமான நடைமுறை. ஐயக்குறி, ஆய்வு, அப்புறம் எச்சரிக்கை அல்லது புதிய விதி. ஒவ்வொரு படிக்கும் தனிச்சொல் இருந்தால்தான் வாசிப்பவருக்கு எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியும்.

> ஐயம் என்றால் பிச்சை என்ற பொருளும் உண்டே?

உண்டு. ஆனால் ‘குறி’யோடு சேர்ந்தபின் யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள். ‘சந்தேகக் குறி’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். இங்கே செய்தியில் சந்தேகம் என்றாலே காவல்துறையும் சந்தேக நபரும் நினைவுக்கு வருகிறார்கள். பாவம், மருந்து.

இப்படி மருந்துகளின் பாதிப்புகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் ‘பார்மகோவிஜிலன்ஸ்’ என்பதற்கு ‘மருந்து விழிப்புப்பணி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

குடியிருப்பாளர் குழுவுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். மாற்றுச்சொல் தருபவர்கள் ‘தென்பட்டது’, ‘நீங்கியது’ இரண்டோடும் சேர்த்து ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினால் நல்லது.