யார் முதலில் அடித்தது? மிலான், 1919 ஏப்ரல் 15

பழையபேப்பர்: நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "இத்தாலியில் சோசலிஸ்டுகள் ஆலைகளைப் பிடித்து அராஜகம் செய்தார்கள், முசோலினியின் ஆட்கள் தற்காப்புக்குத்தான் தடியெடுத்தார்கள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தொழிலாளர்கள் ஆலைகளைப் பிடித்தது 1920 செப்டம்பரில். மிலானில் சோசலிஸ்டுகளின் 'அவந்தி' பத்திரிகை ஆபீசைக் கொளுத்தியது 1919 ஏப்ரல் 15. எது முந்தி?

தென்காற்று: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். அவந்தியைக் கொளுத்தியது முதல் உலகப் போர்முனையிலிருந்து திரும்பிய அர்தித்தி என்ற அதிரடிப்படை வீரர்களும் கவிஞர் மரினெத்தியின் கூட்டமும். முசோலினி அங்கே இல்லவே இல்லை.

பழையபேப்பர்: அதற்கு மூன்று வாரம் முன்பு, மார்ச் 23 அன்று, முசோலினி தன் ஃபாசிச இயக்கத்தைத் தொடங்கிய கூட்டத்தில் மரினெத்தி இருந்தாரே! கொளுத்திய கையோடு அவந்தியின் பெயர்ப்பலகையைக் கழற்றி முசோலினியின் பத்திரிகை ஆபீசுக்குத்தான் கொண்டுபோனார்கள். 1914 வரை அவரே ஆசிரியராக இருந்த பத்திரிகையின் பலகை அது. சம்பந்தமில்லாதவரிடம் அதை எதற்குக் கொண்டுபோக வேண்டும்?

தென்காற்று: 1920 நவம்பர் 21, பொலோனியா நகர மன்றத்துக்குள் சோசலிஸ்டுகளை எதிர்த்த கவுன்சிலர் ஜோர்தானியைச் சுட்டுக் கொன்றார்களே, அதற்குப் பதில்?

பழையபேப்பர்: அது கொலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது 1920. நான் கேட்பது 1919.

வைகைக்கரை: ஐயா, ஒரு விஷயம். போன வாரம் இருவருமே 'கருஞ்சட்டைப் படை' என்று எழுதினீர்கள். தமிழில் அது பெரியார் இயக்கத்தின் பெயர். முசோலினியின் அடியாட்களுக்கு அதைச் சூட்டாதீர்கள்.

தென்காற்று: அவர்கள் போட்டது கறுப்புச் சட்டை. நிறத்தைச் சொல்லவும் உங்களிடம் அனுமதி வாங்கணுமா?

வைகைக்கரை: முன்பும் இப்படித்தான் மரியாதையில்லாமல் பேசினீர்கள். நான் மறக்கவில்லை.

கொங்குத்தம்பி: எதற்கு இவ்வளவு சண்டை? தடியால் அடித்தார்கள், விளக்கெண்ணெய் குடிக்க வைத்தார்கள், அவ்வளவுதானே? எங்க ஆத்தாவும் விளக்கெண்ணெய் கொடுக்கும்.

அல்லி: தம்பி, ஆத்தா கொடுப்பது ஒரு கரண்டி. இவர்கள் ஆளைப் பிடித்து அழுத்தி, வாயைத் திறந்து ஊற்றினார்கள். உடுத்திய துணியிலேயே கழிந்துகொண்டு ஊர் பார்க்க நிற்க வேண்டும். அதிலேயே செத்தவர்களும் உண்டு. விவசாயச் சங்கத்துக்காரர் அப்புறம் ஊரில் தலைகாட்டக் கூடாது, அதற்குத்தான்.

பழையபேப்பர்: அல்லி அக்கா சொல்வது சரி. வட இத்தாலியின் போ சமவெளியில் இவர்களுக்குப் பணமும் லாரியும் கொடுத்தவர்கள் நிலக்கிழார்கள். போலீஸ் பல ஊர்களில் வேடிக்கை பார்த்தது. தடுக்க நினைத்த இடத்தில் என்ன ஆனது? 1921 ஜூலை 21, சார்ஸானா என்ற ஊர். வந்தது முசோலினியின் ஆட்கள் ஏறக்குறைய 500 பேர், எதிரே பத்துப் பன்னிரண்டு கராபினியேரி போலீஸ். சுட ஆரம்பித்ததும் அத்தனை பேரும் சிதறி ஓடினார்கள். 1922 அக்டோபர் 28 அன்று, அவர்கள் ரோமை நோக்கிக் கிளம்பியபோது, பிரதமர் ஃபாக்தா அவசரநிலை ஆணையை நீட்டினார், மன்னர் கையெழுத்துப் போடவில்லை. முசோலினி ராத்திரி ரயிலேறி வந்து பிரதமரானார். இதில் தற்காப்பு எங்கே?

தென்காற்று: மன்னர் அழைத்தார், வந்தார். அது சட்டப்படிதான். அவந்தி எரிந்த அன்று மிலானில் சோசலிஸ்ட் ஊர்வலம் போனதை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?

பழையபேப்பர்: ஊர்வலம் போனால் அச்சு இயந்திரத்தை உடைக்கலாமா? திரும்பவும் கேட்கிறேன்: 1919 முந்தியா, 1920 முந்தியா?

வைகைக்கரை: 'கருஞ்சட்டை'க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தென்காற்று: ஊர்வலத்துக்கு முதலில் பதில் வரட்டும்.